அட்டை ஸ்டேஷன்

எனக்குக் கைவேலை எதுவும் வராது. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுத்தியல் படும். நாற்பது வருஷமாகப் பேனாவைத் தவிர வேறு ஆயுதத்தைத் தொட்டறியாத நான், அறுபத்தேழாவது வயதில் சவர பிளேடும் இரும்பு அளவுகோலும் பசைக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வருஷம் முழுவதும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டினேன் என்றால் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கட்டியது அட்டையில்தான். ஆனாலும் ஸ்டேஷன் ஸ்டேஷன்தானே?

ஆரம்பம் என் பேரன். மான்செஸ்டரில் இருக்கும் அவன் மாமா 2022 கோடையில் வந்தபோது ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் பச்சை எஞ்சின் ஒன்று, வண்டிகள் இரண்டு, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டப்பா. பையனுக்கு ஏழு வயது. எஞ்சின் வட்டம் சுற்றுவதை மூன்று நாள் பார்த்தான். நான்காம் நாள், "இது வேற ஊருக்குப் போகாதா தாத்தா?" என்று கேட்டான். போகாது என்றேன். அன்றோடு அவனுக்கும் ரயிலுக்கும் இருந்த சம்பந்தம் தீர்ந்தது. கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பெட்டியின் அடியில் தட்டையாக ஓர் உறை இருந்தது. அதில் ஒரு ஸ்டேஷன் கட்டடம், சுவர் வேறு கூரை வேறாக, அட்டையில் அச்சடித்து வெட்டித் தயாராக வைத்திருந்தது. இங்கிலாந்தில் இது ஒரு பெரிய கலை. சூப்பர்குவிக், மெட்கால்ஃப் என்ற பெயர்கள் அந்த ரயில் பிரியர்களிடையே நம் ஊரில் ஊறுகாய்க் கம்பெனிப் பெயர்கள் மாதிரிப் பழக்கமானவை. செங்கல் வரிசை, கல்லின் அழுக்கு, ஜன்னல் சட்டத்தின் வெடிப்பு எல்லாம் அச்சிலேயே வந்துவிடும். மடித்து ஒட்டவேண்டியதுதான் நம் பொறுப்பு.

பையன் விட்ட காரியத்தைச் செய்து வைப்போமே என்று ஒரு மத்தியானம் அதை மடிக்க ஆரம்பித்தேன். கூரையில் நான்கு புகைக்கூண்டுகள் நின்றன. குளிர்காலத்துக் கணப்பு மூட்டுவதற்காம். நம் ஊர் ஸ்டேஷனில் மே மாசம் தகரக் கூரையின் கீழ் நின்றிருக்கிற எவனும் அந்தப் புகைக்கூண்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாடியிலிருந்து அண்ணன் இறங்கி வந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. கட்டடத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ஸ்டேஷனை இப்படிச் செஞ்சா என்ன?" என்றார்.

'நம்ம ஸ்டேஷன்' என்று எங்கள் வீட்டில் சொன்னால் ஒரே ஸ்டேஷன்தான். அப்பா 1957 முதல் 1962 வரை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஒரு சின்ன மீட்டர் கேஜ் நிலையம். பெயரை இங்கே சொல்லப் போவதில்லை; பின்னால் சொல்லப் போகிற விஷயத்துக்கு ஊர்ப் பெயர் அவசியமில்லை. 1992-ல் வந்த யூனிகேஜ் திட்டம் வரிசையாக மீட்டர் கேஜ் பாதைகளை அகலமாக்கிக்கொண்டு வந்து, கடைசியில் எங்கள் பாதைக்கும் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பிராட் கேஜ் வந்ததில் ஊருக்கு நன்மைதான். முன்பு பாதி ராத்திரி காத்திருந்து மாறி ஏறிய இடங்களுக்கு இப்போது நேரே வண்டி போகிறது. கட்டடம் போனதற்காக ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்களிடம் அதன் புகைப்படம் ஒன்றுகூட இல்லை என்பது அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

முதல் சண்டை தண்டவாளத்தில் வந்தது. அண்ணன் அளவுகோலை எடுத்துப் பேரனின் தண்டவாளத்தை அளந்தார். இரண்டு கம்பிக்கும் நடுவே பதினாறரை மில்லிமீட்டர். பெட்டியில் 76-ல் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தார். 1,250 மில்லிமீட்டர் சொச்சம் வந்தது. மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். நம் பிராட் கேஜ் 1,676. "இது என்ன கேஜ்?" என்று என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்.

விசாரித்ததில் இங்கிலாந்து கேஜும் இல்லை என்று தெரிந்தது. அவர்களுடைய அசல் பாதை 1,435 மில்லிமீட்டர். சரியாகச் சுருக்கினால் கிட்டத்தட்டப் பத்தொன்பது வரவேண்டும். கதை என்னவென்றால், ஐரோப்பாவில் 87-ல் ஒரு பங்கு அளவில் பொம்மை ரயில் செய்தார்கள். அதற்குப் பதினாறரை மில்லிமீட்டர் சரியாகப் பொருந்தும். இங்கிலாந்து எஞ்சின்களோ உடம்பு சிறுத்தவை. அந்த அளவுக்குச் சுருக்கினால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினின் உடம்பை 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கிக்கொண்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-ல் ஹார்ன்பி டப்லோ ரயில் கடைக்கு வந்தபோதும் அதே கணக்குத்தான். இன்றுவரை அதே கணக்குத்தான். அகலக் கால் வைக்கவேண்டிய எஞ்சின் ஒடுங்கிய காலில் ஓடுகிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு இந்தச் சமாசாரம் மிகவும் பிடித்துப்போயிற்று. நாவல் எழுதுகிறவன் தொழிலே இதுதானே என்று அண்ணனிடம் சொன்னேன். மோட்டார் உள்ளே நுழையவேண்டும். அதற்காக உடம்பை இரண்டு விரற்கடை பெரிதாக்கினால் தப்பென்ன?

"கதையிலே பண்ணிக்கோ" என்றார் அண்ணன். "இது பிளான்."

கடைசியில் அட்டைக் கீற்றுகளால் பதின்மூன்று மில்லிமீட்டரில் ஒரு மீட்டர் கேஜ் தண்டவாளம் போட்டோம். அதில் மான்செஸ்டர் எஞ்சின் ஓடாது. எந்த எஞ்சினும் ஓடாது. ரயில் வராத ஸ்டேஷன் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். அளவு மட்டும் இங்கிலாந்துக்காரர்களுடையதையே வைத்துக்கொண்டோம்: ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர். அடியையும் மில்லிமீட்டரையும் இப்படி ஒரே வாக்கியத்தில் கலப்பவர்கள் உலகத்தில் அவர்கள் ஒருவர்தான் இருக்கமுடியும். ஆனால் கணக்குச் சுலபம். ஏழடிக் கதவு 28 மில்லிமீட்டர். நாற்பதடிக் கட்டடம் பதினாறு சென்டிமீட்டர்.

அட்டை என்பது எவ்வளவு பொல்லாதது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நாங்கள் காகிதத்தை மை உறிஞ்சும் வஸ்துவாகத்தான் அறிவோம். கல்யாணப் பத்திரிகைகள், புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை இவைதான் எங்கள் மூலப் பொருள். மடிக்கிற இடத்தில் முதலில் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் கீறிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு பல் இளிக்கும். பசை ஒரு பக்கம் தடவினால் காய்கிறபோது அட்டை அந்தப் பக்கம் வளையும். ஆகவே மறு பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டி ஈடுகட்டவேண்டும். இது தெரியாமல் நாங்கள் கட்டிய முதல் ஸ்டேஷன் ஐப்பசி மழையில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பிரித்து, உள்ளே குறுக்குச் சுவர்கள் கொடுத்து, வார்னிஷ் தடவி, மறுபடி ஆரம்பித்தார்.

பசை கடைப் பசையில்லை. அப்பாவின் பசை. அப்பாவுக்குத் தொடர்கதைப் பைத்தியம். பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தாமே தைத்து, அட்டை போட்டு பைண்டு செய்வார். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். அண்ணன் அதே மாதிரி காய்ச்சினார். வெளிர்நீலமாக, ஒரு துவர்ப்பு நெடியோடு அந்தக் கிண்ணம் மேஜைக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை.

கூரைக்கு மங்களூர் ஓடு. இங்கேதான் அண்ணனின் பிடிவாதத்தின் முழு உருவத்தையும் கண்டேன். பழுப்புத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் சீப்பு மாதிரிப் பல் பல்லாக நறுக்கி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டவேண்டும். ஒரு வரிசைக்கு 53 ஓடு, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிசை, இரண்டு பக்கம்: 1,272 ஓடுகள், முகட்டு ஓடு தனி. ஐம்பத்திரண்டு போட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். மூன்று வாரம் ஓடு வெட்டினோம்.

சுவர்களின் கனத்திலும் அப்படியே. மான்செஸ்டர் அட்டையில் சுவர் மெல்லிசு. நம் ஸ்டேஷன் சுவர் ஒன்றரை அடி. அப்படியானால் ஆறு மில்லிமீட்டர். பல அட்டைகளை ஒட்டிக் கனமேற்றினோம். அப்போதுதான் ஜன்னல்களுக்கு உள்பக்கம் ஒரு திண்டு உண்டாயிற்று. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அப்பாவின் அறையில், கிழக்குச் சுவரில் இருந்த ஜன்னலின் அந்தத் திண்டில்தான் நான் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். கம்பியில் கன்னத்தை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்.

இப்படி அளவுக்காகப் பிராணனை விடுவது எங்கள் அண்ணன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ராய் இங்கிலாண்ட் என்பவரைப் பற்றிப் படித்தேன். பெயர் இங்கிலாண்டே தவிர மனிதர் ஆஸ்திரேலியர். 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று ஒரு வட்டாரத்தின் பழைய கிராமங்களில் மனசைப் பறிகொடுத்தார். அந்த வீடுகள் கண்ணெதிரே மாறி உருக்குலைவது அவருக்குப் பொறுக்கவில்லை. தடுக்க அவரால் ஆகாது. ஆகவே எல்லாவற்றையும் அளந்து, அட்டையில், அதே 76-ல் ஒரு பங்கில் செய்யத் தொடங்கினார். லாங் விட்டனம் என்ற சிற்றூரில் 1954-ல் அவர் ஆரம்பித்த பெண்டன் மியூசியம் இன்றும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மாசக்கணக்கில் செலவழித்திருக்கிறார்கள். தோட்டத்துச் செடியின் இலைகூடக் கணக்குத்தான். அண்ணனிடம் அதன் படங்களைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்த மனுஷனுக்கு அளக்க வீடு இருந்ததே" என்றார்.

நியாயமான பேச்சு. எங்களுக்கு அளக்க என்ன இருந்தது? அண்ணனின் ஞாபகம். பதினைந்து வயது வரை அங்கே கிட்டிப்புள் ஆடிய பையனின் ஞாபகம். படிகள் மூன்று, டிக்கெட் ஜன்னலின் வளைவு அரை வட்டம், தண்ணீர்ப் பானை வைக்கிற மேடை வடக்குத் தூணை ஒட்டி. எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வந்தது. நானோ நாவல்களில் எத்தனையோ ஸ்டேஷன்கள் கட்டியிருக்கிறேன். "அது ஒரு பழைய ஸ்டேஷன்" என்று எழுதினால் போதும். மீதியை வாசகர் கட்டிக்கொள்வார். படி எத்தனை என்று எந்த வாசகரும் கேட்டதில்லை.

ஒரே ஒருவரைத் தவிர.

அதைச் சொல்வதற்கு முன் 1962-ல் நடந்ததைச் சொல்லவேண்டும். ஒரு ராத்திரி, சைடிங்கில் நிறுத்தியிருந்த கூட்ஸ் வாகன் ஒன்று தானாக நகர்ந்து, கடைக்கோடி மண்மேட்டில் ஏறிச் சாய்ந்துவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. கட்டை வைக்கிற வேலை இன்னொருவருடையது. வைத்தாயிற்றா என்று பார்க்கவேண்டியது ஸ்டேஷன் மாஸ்டர். யாருக்கும் காயமில்லை. அப்பாவுக்கு ஒரு வருஷ இன்கிரிமெண்ட் நின்றது, மாற்றல் வந்தது. தண்டனை நியாயமானதென்றே அவர் சொல்வார். அதைப் பற்றி வீட்டில் வருத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

1981-ல் நான் ஒரு வாரப் பத்திரிகையில் சிறுகதை எழுதினேன். அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலோரம் அரிக்கன் வெளிச்சத்தில் தொடர்கதை படித்துக்கொண்டிருக்கிறார். நல்ல நிலா. வெளியே வாகன் மெள்ள நகர்கிறது. அது அவர் கண்ணில் படுகிறது. ஆனால் கதையில் கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள். இந்தப் பக்கம் முடியட்டும் என்று ஒரு கணம் நினைக்கிறார். அந்த ஒரு கணம்தான் என் கதை. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு எழுத்தாளன் என்று ஒரு பெயர் வந்ததே அந்தக் கதையால்தான். பிறகு நாலைந்து தொகுதிகளில் சேர்ந்தது. ஊரில் அப்பாவைத் தெரிந்தவர்கள், "உங்க பையன் உங்களைத்தான் எழுதியிருக்கானாமே" என்று விசாரித்திருக்கிறார்கள். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அப்பா அந்தக் கதையை வாசல் திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் உள்ளே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதை நல்லா வந்திருக்கு. ஆனா, அந்த ஜன்னல்லேருந்து சைடிங் தெரியாதுப்பா" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு பெரிய மனப் போராட்டத்தை எழுதி வைத்தால் இவர் ஜன்னலைப் பற்றிப் பேசுகிறாரே, ரயில்வேக்காரர் புத்தி போகுமா என்று நினைத்தேன். நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லியும் இருக்கிறேன். அப்பா 1988-ல் காலமானார். அதற்குள் அவர் மறுபடி அந்தக் கதையைப் பற்றிப் பேசவில்லை. அவர் பைண்டு செய்து வைத்த புத்தகங்களில் என் கதைகளும் ஒரு தொகுதியாக இருந்தன. இந்தக் கதையும் அதில் இருந்தது.

இனி அட்டைக்கு வருகிறேன். ஸ்டேஷன் கட்டடம் முக்கால்வாசி முடிந்து, கூட்ஸ் ஷெட் தயாரானபோது மேஜை போதவில்லை. என் எழுது மேஜை ஐந்தடி; எங்கள் கணக்கில் அது 381 அடி நிலம்.

"ஷெட்டைக் கொஞ்சம் கிட்டக்கத் தள்ளிக்கலாம் அண்ணே. எல்லாம் அடங்கிடும்" என்றேன். ரயில் பொம்மைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். தூரத்தைச் சுருக்காவிட்டால் ஒரு பிளாட்பாரத்துக்கே ஒரு ஹால் வேண்டியிருக்கும்.

"மேஜை பத்தலைன்னா மேஜையை நீட்டு. ஷெட் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கும்."

இஸ்திரி போடும் பலகையைக் கொண்டுவந்து மேஜைக்கு ஒட்டுப் போட்டோம். கட்டடத்தின் கிழக்குச் சுவரிலிருந்து ஷெட்டுக்கு நாற்பத்தெட்டுத் தப்படி என்றார் அண்ணன், நூற்றிருபது அடி, 48 சென்டிமீட்டர். வடக்கே, சைடிங் பக்கமாக, ஷெட்டின் மூலை எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு அவர் இன்னொரு கணக்கு வைத்திருந்தார்: ஷெட்டுக்குத் தெற்கே இரட்டை மாட்டு வண்டி ஒன்று ஒடித்துத் திரும்ப இடம் வேண்டும். அந்த இடத்தை விட்டு ஷெட்டை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். வாகனுக்குப் பதிலாக இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி, ஷெட்டுக்கு அப்பால் அன்றைக்கு அது நின்ற இடத்தில் வைத்தார். நான் கேட்கவில்லை. அவராகவே வைத்தார். பிறகு மாத்திரை சாப்பிட மாடிக்குப் போனார்.

கட்டடத்தின் மேற்குச் சுவர் இன்னும் ஒட்டப்படாமல் திறந்திருந்தது. கூரையும் போடவில்லை. நான் தரையில் மண்டியிட்டு, கன்னத்தை மேஜைமேல் வைத்து, மேற்கிலிருந்து அறைகளின் ஊடே அப்பாவின் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு அப்பால் ஷெட்டின் சுவர் தெரிந்தது. அதன் மூலைக்கு இந்தப் பக்கம் தண்டவாளம் ஒரு சாண் தெரிந்தது. தீப்பெட்டி தெரியவில்லை. தலையை அசைத்தேன், கண்ணைச் சற்று உயர்த்தினேன், தாழ்த்தினேன். தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கழுத்து பிடித்துக்கொண்டது. எழுந்து ஷெட்டை ஒரு விரலால் தெற்கே தள்ளினேன். பதினாறு மில்லிமீட்டர் தள்ளியதும் தீப்பெட்டி முழுசாகத் தெரிந்தது. பதினாறு மில்லிமீட்டர் என்றால் நாலடி. மறுபடி அண்ணனின் பென்சில் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

நாலடி! அறுபது வருஷத்துக்கு முன் நின்ற ஒரு ஷெட்டை ஒரு கிழவர் மாட்டு வண்டியை நினைத்து வைக்கிறார். அதில் நாலடி பிசகாது என்று எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்? அண்ணன் எதற்காக அந்தப் பிளானை அவ்வளவு பிடிவாதமாகப் போட்டார்? ஞாபகமா, அப்பாவின் மேல் வைத்த அன்பா? இரண்டையும் அவராலேயே பிரித்துச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம். என்னைக் கேட்டால் நான் இன்னும் மோசமான சாட்சி. அந்தத் திண்டில் தினமும் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். கண்ணை மூடினால் நிலா வெளிச்சத்தில் வாகன் நகர்வது அந்த ஜன்னல் வழியே பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அந்த ராத்திரி நான் அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் காண்பது 1962-ஐ அல்ல, 1981-ல் எழுதியதை. அதற்கு முன் அந்த ஜன்னலில் எனக்கு என்ன தெரிந்தது என்பதை என் கதை மூடிவிட்டது.

அடுத்த மாசம் அந்த ஊருக்குப் போனேன். அண்ணனுக்கு முழங்கால் வலி. அளவு நாடாவை மட்டும் கொடுத்தனுப்பினார். புது பிளாட்பாரம் உயரமாக, நீளமாக, சுத்தமாக இருந்தது. அதற்குக் கிழக்கே சீமைக்கருவேல முட்களுக்கு நடுவில் கூட்ஸ் ஷெட்டின் கருங்கல் அடித்தளம் அப்படியே கிடந்தது. முள் கிழித்த சட்டையோடு அதைச் சுற்றி அளந்தேன். முப்பதடிக்குப் பதினெட்டு, அண்ணன் சொன்னது சொன்னபடி. அங்கிருந்து ஸ்டேஷன் கட்டடத்துக்கு அளக்க நாடாவை நீட்டினேன். எதை நோக்கி நீட்டுவது? கட்டடம் இருந்த இடம் புது பிளாட்பாரத்துக்கு அடியில் எங்கோ போய்விட்டது. தண்டவாளமும் பழைய இடத்தில் இல்லை. நாடாவின் ஒரு முனையை ஷெட்டின் மூலைக் கல்லில் வைத்துக்கொண்டு மறு முனையைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "நெலம் வாங்கப் போறீகளா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டின் நீள அகலத்தைச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினார். மற்றதை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. மேற்குச் சுவரை ஒட்டிக் கூரையைப் போட்டு மூடினோம். பேரன் வந்து பார்த்தான். "ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே?" என்றான். உள்ளே இருக்கிறார் என்றார் அண்ணன். பையன் குனிந்து ஜன்னலில் பார்த்துவிட்டு, "இருட்டா இருக்கு" என்று போய்விட்டான்.

போன வருஷம் என் சிறுகதைகளை ஒரே தொகுதியாகப் போட ஒரு பதிப்பாளர் கேட்டார். புரூஃப் வந்தபோது அந்தக் கதையின் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் அடித்ததை மீட்டேன். ஜன்னலை எடுத்தால் கதையில் என்ன மிச்சம்? பார்த்தும் எழாமல் இருந்த அந்த ஒரு கணம்தானே கதை? ஷெட் மறைத்தால் அவர் பார்க்கவேயில்லை; தொடர்கதை படித்தது குற்றமில்லை; ராத்திரி பத்து மணிக்கு அடுத்த வண்டி வரும்வரை வேலையில்லாத மனிதர் படித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கட்டை வைத்தாயிற்றா என்று சாயங்காலமே பார்க்காமல் விட்டது மட்டும் நிற்கிறது. அதற்கு அவர் இன்கிரிமெண்டைக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் ஷெட்டைக் கதைக்குள் வைத்தேன். "நடுவே கூட்ஸ் ஷெட்டின் சுவர் இருந்தது" என்று ஒரு வாக்கியம் சேர்த்து, ஒரு கணத்தைப் பற்றிய இரண்டு பாராக்களை எடுத்தேன். அப்பாவின் பேச்சு ஒன்று, அண்ணனின் பென்சில் கோடு ஒன்று; எதிர்ப்பக்கம் நான் எழுதியதைத் தவிர ஒன்றுமில்லை. பதிப்பாளர் டெலிபோன் செய்தார். பழைய முடிவுதான் நன்றாக இருந்தது, வாசகர்கள் ஞாபகம் வைத்திருப்பதே அதைத்தான் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் மாற்றியபடியே அச்சாகட்டும் என்றேன்.

அன்று மாலை மாற்றிய பக்கங்களை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டேஷன் அப்போது அலமாரிமேல் இருந்தது. அதைப் பார்த்தபடியே கடைசிவரை கேட்டார். படித்து முடித்ததும் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி" என்றார். பிறகு, "அந்தக் கடைசி வரிசை ஓட்டுக்கு ஓரம் வெள்ளையாத் தெரியுது பாரு. பென்சில் பூசாம விட்டுட்டே. அந்தப் பழுப்புப் பென்சிலை எடு" என்றார்.